சின்னக் கைக்கு ஏற்ற துப்பாக்கி

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கிதான் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். உங்கள் மகனுக்கும் சொல்லியிருக்கிறேன், ஷெரீஃப். நல்ல பையன். கவனமாகக் கேட்பான்.

எடை குறைந்த துப்பாக்கி அதிகமாக உதைக்கும். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங். பெரும்பாலும் துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க ஸ்பிரிங் விறைத்துக்கொண்டே போகும். துப்பாக்கியின் மேல்பாகத்தை ஸ்லைடு என்போம். அதை முழுதாகப் பின்னால் கொண்டுவந்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். பாதி வந்தால் ஏறாது. அதனால் சின்ன உடம்புக்காரர்கள் முதன்முதலாக வாங்கும்போது நடுத்தர அளவில், கொஞ்சம் கனமாக, ஸ்லைடு இளக்கமாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

என் மனைவி கோரின் ஐந்தடிதான். கல்யாண மோதிரத்தை இரண்டு முறை சிறிதாக்க வேண்டியிருந்தது. உங்கள் படிவத்தில் என் பெயருக்கு எதிரே மனைவியை இழந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். முப்பத்தொரு வயதில் அந்தச் சொல் இன்னும் எனக்குப் பழகவில்லை.

மற்ற நாட்களில் உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமைகளில் மலையடிவாரச் சுடுதளத்தில் பாதுகாப்பு அதிகாரி. இது உங்களுக்குத் தெரியும். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்டோபரில், மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை லோனி ராட்லிஃப் கூப்பிட்டான். என்னோடு படித்தவன். நெடுஞ்சாலையில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறான்.

"டேய் வேட், ஒரு ரகசியம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா."

"அப்ப சொல்லாதே."

"உன் பொண்டாட்டிடா. மொதல் துப்பாக்கி வாங்கணுமாம். ஊருக்கே சொல்லிக்குடுக்கிற வாத்தியார வீட்ல வச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து யோசனை கேக்குறா. என்னடா, வீட்ல நீ வாயே தொறக்கறதில்லையா?"

"எனக்குத் தெரியாமக் கத்துக்கிட்டு அசத்தலாம்னு நெனச்சிருப்பா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வெள்ளிக்கிழமை திரும்ப வர்றா. எதக் குடுக்கட்டும்? தப்பாக் குடுத்தா அப்புறம் நீ வந்து என் உயிர எடுப்பே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான ஒன்றைத்தான் அவனுக்குச் சொன்னேன். அவளையே ஸ்லைடை இழுக்கச் சொல், இழுக்க வராவிட்டால் விற்காதே என்றும் சொன்னேன். அன்று மாலை நானே உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக் கொடுத்தேன். நான் மெல்லப் பாடுவதைக் கேட்டதும் கோரின் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தாள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

வியாழக்கிழமை, குறி அட்டைகள் எடுக்கச் சுடுதளத்து அலுவலக அறைக்குப் போனேன். அங்கே மாதத்துக்கு ஒரு வியாழன் டியானா ஹாப்ஸ் பெண்களுக்கு வகுப்பு எடுப்பாள். ஓய்வுபெற்ற நர்ஸ். அன்றைய வகுப்பு முடிந்திருந்தது. வந்தவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் மேசையில் கிடந்தன. எதற்காகத் துப்பாக்கி கற்க வந்தீர்கள் என்பது முதல் கேள்வி. ஒருத்தி, நரி வந்து கோழிகளைப் பிடித்துப் போகிறது என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, ஆஸ்பத்திரி வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டி வருவதாக எழுதியிருந்தாள். மூன்றாவது கோரினின் கையெழுத்து.

என் கணவர்.

படித்ததும் சிரித்துவிட்டேன். என்னால்தான் அவளுக்கு இதில் ஆர்வம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கலாமா என்றுகூட யோசித்தேன். கீழே இன்னொரு கேள்வி இருந்தது. யாருக்காவது பயந்து வந்திருந்தால், அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார்? மற்ற இருவரும் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். கோரின் ஒரே சொல்லில் எழுதியிருந்தாள்.

வீட்டில்.

டியானா கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தச் சீட்டு உனக்கில்லப்பா. கீழ வை."

"என் பொண்டாட்டி எழுத்து."

"தெரியும். அதான் கீழ வைங்கிறேன்."

வைத்துவிட்டேன். நான் வண்டியில் ஏறும்வரை அவள் கதவைத் திறந்துபிடித்தபடியே நின்றாள். இருபது வருடமாக எனக்குப் பழக்கமானவள்.

நான் கோரினை அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கார் எத்தனை மைல் ஓடியது என்று தினமும் பார்ப்பேன். எண்களைப் பார்ப்பது என் பழக்கம். குளிர்காலத்தில் சாவியை நான் வைத்துக்கொள்வேன். பாதையெல்லாம் பனி. அவள் அக்கா வந்துபோனால் வீட்டில் அமைதி கெடுகிறது என்பதால் வரவேண்டாம் என்றேன். மார்ச் மாதத்தில் ஒரு முறை அவள் கழுத்தில் கையை வைத்தேன். அழுத்தவில்லை. வைத்திருந்தேன், அவ்வளவுதான். பிறகு எடுத்துவிட்டேன். நான் எடுத்துவிட்டதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்தச் சீட்டை எழுதிய அன்று காலையில்தான் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவள் தலை என் மார்பில் இடித்தது. இதையெல்லாம் செய்துவிட்டுப் போய் அப்படி எழுத ஒருத்தியால் எப்படி முடிகிறது என்று அன்று முழுக்க யோசித்தேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் லோனியைக் கூப்பிட்டேன்.

"யோசிச்சுப் பாத்தேன். அந்த ஊதாப் பிடி வச்ச குட்டி இருக்கே, அதையே குடு."

"அதுவா? அதோட ஸ்லைடு கல்லு மாதிரிடா. இழுத்தா எனக்கே விரல் வலிக்கும்."

"பழகிடுவா. நான் சொல்லித்தரேன்."

"அப்ப இழுத்துப் பாக்கச் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம், கூச்சப்படுவா. நீயே தொறந்து குடு. வீட்ல குழல காலியா வச்சுக்கச் சொல்லு. புதுசாக் கத்துக்கறவ, அதான் பாதுகாப்பு."

"வாத்தியார் சொன்னா சரி. அவளும் ஊதா கலர்னா சந்தோஷமாத்தான் வாங்குவா."

நம் பக்கத்தில் யாரும் துப்பாக்கியை மூடியபடி இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. கொடுப்பவர்தான் ஸ்லைடை இழுத்து, பின்னால் நிற்கவைத்து, உள்ளே காலி என்று காட்டிவிட்டு நீட்ட வேண்டும். வாங்குபவர் திறந்த துப்பாக்கியை வாங்கி, பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி மூடுவார். அதற்குப் பலம் தேவையில்லை. ஆகவே கடையில் பத்துத் துப்பாக்கிகளைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் ஒன்றைக்கூடத் தானாக இழுத்திருக்க மாட்டார். லோனியைக் குறை சொல்லாதீர்கள். அவன் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். நான் அந்த மரியாதையை நம்பினேன்.

டியானாவின் அடுத்த வகுப்பு நவம்பர் முதல் வியாழன். அங்கே கோரின் தான் வாங்கிய ஊதாத் துப்பாக்கியை எடுத்துப் போனால், அவளுக்கு இழுக்க வராது என்று ஐந்தே நிமிடத்தில் டியானா கண்டுபிடித்துவிடுவாள். அதற்கு முந்தைய ஞாயிறு, தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். பீன்ஸ் அடுப்பில் இருந்தது. சோள ரொட்டியை அவள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழம நீ எங்கேயும் போக வேண்டாம்" என்றேன்.

"போவேன்."

"டியானாவுக்கு என்ன எழுதிக் குடுத்தேன்னு பாத்தேன்."

கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். எங்களுக்கிடையில் மேசை மட்டும் இருந்தது.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன், வேட். கிட்ட வராதே. லோனி எனக்கு எல்லாம் காட்டிக் குடுத்திருக்கான்."

"தெரியும்."

இழுத்தாள். பாதியில் நின்றது. மறுபடி இழுத்தாள். நான்கு முறை. உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது எனக்குத் தெரிந்தது.

"அவன் கையில சுலபமா வந்துச்சே" என்றாள். என்னிடம் அல்ல, துப்பாக்கியிடம்.

"இழுக்கக் கூடாது" என்றேன். வகுப்பில் பேசும் குரலில்தான். "ஸ்லைட அசையாமப் பிடிச்சுக்க. மத்த கையால பிடிய முன்னால தள்ளு."

அப்படியே செய்து பார்த்தாள். நான் சொன்னபடி செய்வது அவளுக்கு ஆறு வருடப் பழக்கம். வரவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். விரல்களைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. மெதுவாகச் செய்து காட்டினேன். பிடித்து, தள்ளி, விட்டேன். தோட்டா ஏறியது.

"பாத்தியா?" என்றேன்.

பார்த்தாள்.

ஒரு தோட்டாதான். அதன் பிறகு ஸ்லைடைத் திறந்து நிறுத்தினேன். காலி என்று உறுதி செய்தேன். குழலின் வாய் சுவரைப் பார்க்கும்படி மேசையில் வைத்தேன். பீன்ஸ் அடிபிடித்திருந்தது, அடுப்பை அணைத்தேன். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் வந்தபோது எல்லாம் முறைப்படி இருந்தது. உங்கள் ஆட்களே அதைச் சொன்னார்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். இந்த ஊரில் நாற்பது பெண்களுக்காவது முதல் துப்பாக்கியை நான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். கையை நீட்டச் சொல்லி விரல் நீளம் பார்ப்பேன், இழுக்கச் சொல்வேன், பொறுமையாக நிற்பேன். ஒருத்திகூடக் குறை சொன்னதில்லை. இவள் ஒருத்திதான் என்னைத் தாண்டிப் போய் வேறொருவனிடம் நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் கைக்குப் பொருத்தமானதை நானே தேடிக் கொடுத்திருப்பேன்.