ஒரு மெசேஜுக்கு ஒரு ரூவா

— சமாதானம் பேச வந்திருக்கேன்னு நெனைச்சுக்காதே வேலுசாமி. இன்னையிலிருந்து மெசேஜுக்கு ஒரு ரூவா வரிங்கறாங்க. அதனாலதான் கெணத்து மேடு வரைக்கும் நடந்து வந்தேன்.

— நானும் அப்படித்தானுங்க அண்ணா. அதாவதுங்க, ஒரு ரூவா ஒண்ணும் பெரிசில்லீங்க. எதுக்குக் குடுக்கோணுங்கறதுதான்.

— அதைச் சொல்லு. அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கறதுக்கும் வரி கட்டோணும்னா மனுசன் எங்க போறது.

— ஆறு வருசமா நாம வாயில ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. எல்லாம் மெசேஜுதான்.

— ஆறு வருசம் மூணு மாசம். உன்ற புள்ளை தனப்பிரியா கல்யாணத்துல இருந்து. அதை உடு. மோட்டார் ஓடலை, அதைச் சொல்லத்தான் வந்தேன். நம்ம பொதுக் கெணத்துல இன்னைக்குத் தண்ணி முறை என்ற காட்டுக்கு. மரவள்ளி காஞ்சு கெடக்குது.

— பாத்துட்டுத்தானுங்க இருக்கேன். பீஸ் போயிருக்குதுங்க. அந்தச் செவுத்துல டார்ச் மாட்டியிருக்குது பாருங்க, எடுத்து இப்படிக் காட்டுங்க. ரூமுக்குள்ள இருட்டா இருக்குது.

— இந்தா. ஊருக்குள்ள என்ன பேசிக்கறாங்க வரியைப் பத்தி?

— ஊரே கொதிச்சுப்போயிக் கெடக்குதுங்க. வெண்ணந்தூர்ல பால் சொசைட்டி முன்னால மேசை போட்டு, மனுவுல கையெழுத்து வாங்கறாங்க. நூத்தி எழுவது பேரு போட்டாச்சு. பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் மட்டும் போடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கறானுங்க.

— அவனுக்கு என்ன வந்துச்சு?

— காலையில கண்ணைத் தொறந்தா நூறு பேரு ரோசாப்பூவோட வணக்கம் போடறாங்களாம். வரியைப் பத்து ரூவாயாப் போட்டா நானே கலெக்டராபீசுல போயி மாலை போடறேங்கறான்.

— அவன் சொல்றதும் நாயந்தான்.

— நம்மூரு வேலுமணி பண்ணுனது தெரியுங்களா? அதாவதுங்க, ஒண்ணாந்தேதியிலிருந்து வரின்னதும் முப்பதாந்தேதி பூராம் கட்டல்ல உக்காந்துக்கிட்டு, வர்ற தீவாளிக்கு, பொங்கலுக்கு, ஊர்ல அத்தனை பேரு பொறந்தநாளுக்கும் இப்பவே வாழ்த்துப் போட்டுத் தீத்துப்புட்டானுங்க. நம்ம கருப்பண்ணன் மாமா ஆஸ்பத்திரியில கெடந்தாருல்லீங்க. அவரு ஊட்டுக்கு ஆழ்ந்த இரங்கலும் சேத்துப் போட்டுட்டான்.

— அடப்பாவி. கருப்பண்ணன் பாத்துட்டாரா?

— மொதல்ல பாத்ததே அவருதானுங்க. டாக்டரு இன்னும் பத்து நாளாகும்னு சொல்லியிருக்காரு. இவரு அன்னைக்குச் சாயங்காலமே எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்து, தடியோட நேரா வேலுமணி ஊட்டுக்குப் போயிட்டாருங்க.

— வரியால ஒரு உசுரு பொழைச்சுருக்குது.

— நீங்க சிரிச்சு நெம்ப நாளாச்சுங்க அண்ணா.

— ஆரு சிரிச்சா? தூசி. நீ வேலையைப் பாரு.

— பாக்கறேனுங்க. டார்ச்சைச் சித்த நேராப் புடிங்க.

— வேலுசாமி, வாயில சொல்றதுக்கு வரி ஒண்ணும் இல்லியே?

— இன்னும் போடலீங்க.

— அப்ப ஒண்ணு சொல்லிடறேன். போன ஆவணியில நான் காச்சல்ல கெடந்தப்ப, "அண்ணா உடம்பு எப்படீங்க, தண்ணி முறை எதுக்கு, நானே உங்க காட்டுக்கும் பாச்சிடறேன்"னு போட்டிருந்தயே. உன்ற அண்ணி பாப்பாயி படிச்சுச் சொன்னா. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவளுக்குக் கண்ணைக் காட்ட முடியலை.

— நானுங்களா?

— உன்ற நம்பர்தான்.

— அண்ணா, நெசத்தைச் சொல்லிடறேனுங்க. இந்த விரலைப் பாருங்க. இருவது வருசம் போர் போடற ரிக் வண்டியில பைப்பு மாட்டுன விரலு. ஒரு எழுத்தை அமுத்துனா மூணு எழுத்து உழுகுது. நான் சொல்லச் சொல்ல ஊட்டுக்காரி மஞ்சுளாதான் போடுவா. போனும் அவகிட்டத்தான் கெடக்கும்.

— சரி, நீ சொன்னதைத்தான போட்டிருப்பா. என்ன சொன்னே?

— வேண்டாமுங்க.

— சொல்லுடா.

— "காச்சல்னு படுத்துக்கிட்டா எச்சா ஒரு மணி நேரம் தண்ணி உட முடியாது"ன்னு போடச் சொன்னேனுங்க.

— ம். ஆனா எளநி வந்துச்சே. எட்டு. தம்பி குடுத்தனுப்புனதுன்னு பாப்பாயி வெட்டிக் குடுத்தா.

— என்ற தோப்பு எளநிங்களா? அண்ணா, அந்த எளநி களவு போச்சுன்னு நான் சின்னண்ணனைச் சந்தையில நிக்க வெச்சு வஞ்சேனுங்க. இன்னைக்கு வரைக்கும் அவன் என்றகூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லை.

— அவனுக்கும் மெசேஜ்தான் போடறயா?

— அதுவும் மஞ்சுளாதானுங்க. ஆமா, நீங்க மட்டும்? தனப்பிரியாவுக்குப் பையன் பொறந்தப்ப, "சிங்கக்குட்டி பொறந்திருக்குது, கண்ணு படாம பாத்துக்க சாமி"ன்னு போட்டீங்க. புள்ளை அதை இன்னும் அழிக்காம வெச்சிருக்குது.

— எனக்கு அந்த எழுத்தெல்லாம் கடுகு தெளிச்சாப்பல தெரியுது. நான் எங்க போடறது. பாப்பாயிதான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பேர் வெக்கிற பத்திரிகையிலயாச்சும் என்ற பேரை மேல போடச் சொல்லுன்னு சொன்னேன்.

— அப்ப நாம ரெண்டு பேரும் ஆறு வருசமா ஒரு மெசேஜும் போட்டுக்கலீங்க.

— போட்டுக்கிட்டது அவளுக ரெண்டு பேருதான். நாம வையறதைப் பூராம் வாங்கி வாங்கிக் குப்பையில கொட்டிப்போட்டு, அவளுக பாட்டுக்குக் குடும்பம் நடத்தியிருக்காளுக.

— அண்ணா, அந்தக் கல்யாணப் பத்திரிகை.

— அதை உடு.

— இல்லீங்க, சொல்லிடறேன். உங்க பேரை என்ற மச்சினன் பேருக்குக் கீழ போட்டது நான் இல்லீங்க. எடம் பத்தலைன்னு அச்சாபீசுல எறக்கிட்டாங்க. அச்சுக்கு முன்னால கொண்டாந்து காட்டுனாங்க. நான் ஒழுங்காப் பாக்கலை. தப்பு என்ற மேலதானுங்க.

— இதை அன்னைக்கே ஒரு மெசேஜ்ல சொல்லியிருக்கலாமே. அப்ப வரியும் இல்லியே.

— எப்படீங்க சொல்றது? நான் சொன்னா மஞ்சுளாதான போடோணும். பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கறப்ப "தப்பு என்ற மேலதான்"னு எப்படிங்க வாயில வரும்?

— அது செரி.

— ஒவ்வொரு தடவையும் சொல்லோணும்னுதான் கூப்புடுவேன். அவ போனை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்ததும், தண்ணி முறையைப் பத்தி நாலு வார்த்தை வஞ்சு உட்டுருவேன்.

— எனக்கும் அப்படித்தான் சாமி. கல்யாணப் பந்தியில இருந்து சாப்புடாம எந்திரிச்சு வந்தது நெஞ்சுக்குள்ள முள்ளாட்டக் கெடந்துச்சு. எலை முன்னால அந்தப் புள்ளை நின்னுக்கிட்டு "பெரியப்பா, ஒரு வாய்"ன்னா. அதைக்கூடக் கேக்காம வந்துட்டேன். பாப்பாயிகிட்ட அதைச் சொல்லி எழுதச் சொல்றதா? அப்பறம் வாழ்நாள் பூராம் சொல்லிக் காட்டுவாளே.

— புள்ளை வர்ற வெள்ளிக்கெழமை வருதுங்க. பையனையும் கூட்டியாறா.

— எத்தனை மணி பஸ்சு?

— பத்தரைக்குங்க. புதுச்சத்திரத்துல எறங்குவா.

— நான் போயிக் கூட்டியாறேன். நீ வரவேண்டாம். உன்ற வண்டிச் சத்தத்துக்குப் பையன் பயந்துக்குவான்.

— செரீங்க. பீஸ் மாட்டியாச்சு. ஸ்டார்ட்டரை அமுத்துங்க.

— ஓடுதுடா. தண்ணி வருது பாரு. மொத வாய்க்காலை உன்ற பக்கம் திருப்பி உடு.

— இன்னைக்கு உங்க முறைங்க.

— திருப்புன்னா திருப்பு. ஏன்டா, உன்ற சட்டைப் பாக்கெட்டுல என்னமோ கத்துது.

— போனுங்க. மஞ்சுளா கை சும்மா இருக்காது, தட்டுனா மெசேஜுக்கு ஒரு ரூவான்னு இன்னைக்கு நானே எடுத்தாந்துட்டேன். மெசேஜுங்க. உங்க நம்பர்ல இருந்து வந்திருக்குது.

— என்ற போனு ஊட்டுல பாப்பாயிகிட்ட இருக்குது. இதுக்கு ஒரு ரூவா தண்டம். என்னன்னு படி.

— மெதுவாத்தான் படிப்பேனுங்க. "மஞ்சுளா, வரி போடப்போறதில்லைன்னு காலையிலயே டிவியில சொல்லிட்டாங்க. நான் டிவியை அமத்திப்போட்டு, மெசேஜ் போட்டா காசு போயிரும்னு இவரைக் கெணத்துக்குத் தொரத்தி உட்டிருக்கேன். உங்க ஊட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. நீ மூச்சுக் காட்டிறாதே. ரெண்டு நாளாச்சும் ரெண்டு பேரும் வாயில பேசிக்கட்டும்."

— ம்.

— அண்ணா, இப்ப என்னங்க பண்றது?

— மோட்டார் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைன்னு வெச்சுக்க. வரி இருக்குதா, இல்லியா?

— இருக்குதுங்கண்ணா. நாளையிலிருந்து ரெண்டு ரூவாயாம்.