எட்டேகால் அங்குலம்

"உனக்குக் கோணாம கோடு போடத் தெரியுமா?" என்று டாக்டர் வெங்கிடராமன் என்னிடம் கேட்டார். தெரியும் என்று தலையசைத்தேன். அதுவரை எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வாய் வராமல், ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நான்.

அது 1957. எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் யானைக்காலை மந்து என்பார்கள். டாக்டர் அதற்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கள் ராவுத்தர் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆணுக்குக் காலைக் காட்டமாட்டார்கள். ஆகவே மாத்திரை கொடுக்கவும், வாராவாரம் கணுக்காலை நாடாவால் அளந்து எழுதவும் நான் தேவைப்பட்டேன். எங்கள் தெருவில் பத்துப் பேருக்கு மருந்து, பத்துப் பேருக்கு அதே போன்ற மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

"மாவு சாப்பிடறவாளுக்கு அரை அங்குலம் ஏறித்துன்னா அன்னிக்கே சொல்லிடணும். பேரை அடிச்சுட்டு மருந்து கொடுத்துடலாம். நான் காலைப் பார்க்க முடியாது. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

பக்கத்து வீட்டுச் சகீலா பள்ளியில் என் பெஞ்சில் இருந்தவள். அவளுக்கு விழுந்தது மாவு. முதல் நாள் எட்டு அங்குலம்.

"எடி ஷரீஃபா, வாராவாரம் அளக்கிறியே, கொலுசு எப்ப வரும்? நிக்காஹுக்கு முந்தித் தந்துரு. பித்தளையைக் குடுத்து ஏச்சுராதே."

நான் சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டுவேன்.

ஆறாம் மாதம் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் எட்டரை. டாக்டருக்குத் தரும் தாளில் எட்டேகால் என்று எழுதினேன். பதற்றத்தில் அல்ல, யோசித்துத்தான். மற்றத் தெருக்களின் தாள்களில் பெயர்கள் அடிபட்டிருந்தன. என் தாளில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் அதை எல்லோருக்கும் காட்டி, "பாருங்கோ, இதான் சயன்ஸ்" என்று சொல்லியிருந்தார். ஒரு பெயரை அடித்தால் ஒரு வரிசை பாதியில் நின்றுவிடும்.

நான் பொய் மட்டுமே எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையான அளவை, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த என் சொந்த நோட்டில் எழுதினேன். எட்டேமுக்கால், ஒன்பதரை, பத்து. ஒரு வாரமும் விடவில்லை. நாடா அழுத்திய பள்ளம் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் எழுதினேன். அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

பாலக்காட்டிலிருந்து சகீலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கொச்சிப் பெண் என்றால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் அக்காள் துணியோரத்தை இரண்டு விரலால் தூக்கினாள், விட்டாள். சாயா ஆறிப்போயிற்று.

"மாத்திரையை ஒழுங்கா முழுங்கினியாடி?" என்று கேட்டாள் சகீலாவின் உம்மா மரியம்.

"ஒரு நாளும் விடல உம்மா. ஷரீஃபாகிட்ட கேளு."

விடவில்லை என்று சொன்னேன். அது உண்மை.

வருஷக் கடைசியில் டாக்டர் என் தாள்களை வெகுநேரம் பார்த்தார். "மருந்துக்கும் மாவுக்கும் பெரிசா வித்தியாசமே இல்லையேம்மா" என்றார். மாவு விழுந்தவர்களில் இன்னும் நான்கு பேருக்கும் நான் குறைத்தே எழுதியிருந்தேன். அதனால் அதன்பிறகு எங்கள் தெருவுக்கு அந்த மருந்து வரவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து, நேற்று சகீலா ஒரு நாழி அரிசி வாங்க வந்தாள். நான் அடுப்பில் இருந்ததால் அவளே பானையை நகர்த்தினாள். நோட்டை எடுத்துப் படித்தாள். அவள் பெயர், அதன் அருகில் 'மாவு', கீழே உண்மை அளவு ஒரு வரிசை, டாக்டருக்குச் சொன்னது ஒரு வரிசை.

"ஒண்ணும் மறைக்கல சகீலா" என்றேன். "எல்லாம் சரியா எழுதி வச்சிருக்கேன்."

அவள் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். அரிசியை எடுக்கவில்லை. எங்கள் வாசலுக்கு மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். அது எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் அந்த நோட்டில் கோணாமல் எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.