தூசி புகாத வாட்ச்

நெய்வேலி டவுன்ஷிப் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். ஊரிலிருந்து வரும் அவள் அப்பாவை அழைத்துவரக் கிளம்பியிருந்தார்கள்.

"வாட்ச்ச எதுக்குங்க ஃப்ரிட்ஜ்ல, தயிருக்குப் பக்கத்துல வச்சீங்க?"

"வார் மாட்டுற பின்னு ஒடஞ்சி, பாதி உள்ளயே சிக்கிகிச்சி. குளுந்தா சுருங்கி வரும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"எங்க! கண்ணாடிதான் வேர்த்துப்போச்சி."

"கல்யாணத்துக்கு அப்பா போட்ட வாட்ச்சு. வார் மாட்டுற காதுல வெளிப்பக்கம் பொடி ஓட்ட இருக்குமே, அதுல ஊசிய வுட்டு உள்பக்கமா தள்ள வேண்டியதுதான?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அத க்ளூ போட்டு அடச்சிட்டேன். மைன்ஸ் தூசி மிஷினுக்குள்ள போவுமேன்னு."

"அது பின்னு முனை நிக்கிற ஓட்டைங்க. மிஷினுக்கு எப்படிப் போவும்?"

"இப்பதான் தெரியுது. மாமா கேட்டா, ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னு சொல்லிடுறேன்."

"உங்க வாட்ச்ச யாரு கேக்கப்போறா? போன பொங்கலுக்கு வந்தப்ப அவரு வாட்ச்சையும் வாங்கி ஓட்டைய அடச்சிக் குடுத்தீங்களே, அதுலயும் பின்னு ஒடஞ்சிடுச்சாம். மாப்ள பாத்துக்குவாருன்னு எடுத்துகினு வராரு."