சிவப்புப் பென்சில் வட்டம்

டுவேன்: “அப்பா, அந்தப் படத்துல நீ ஏன் எந்திரிக்கவே மாட்டேங்கிற?”ன்னு கேட்டா என் பொண்ணு. அப்போ ஆறு வயசு. காபிக்கடைச் சுவர்ல மாட்டியிருந்தாங்க. நான் என்ன பதில் சொல்ல, ஆர்வில்?

ஆர்வில்: என்ன சொன்னே?

டுவேன்: ஐஸ்ல வழுக்கிருச்சுன்னேன்.

ஆர்வில்: ம்...

டுவேன்: ஐஸ் ஹாக்கி பைனல்ல தோத்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு அதையே ஆள் உசரத்துக்குப் பெருசாக்கி அரங்க வாசல்ல மாட்டப் போறாங்களாம். இங்க ஐஸ் தேய்க்கிறவன் நான். தினம் அந்த வாசல்லதான் நுழையணும்.

ஆர்வில்: படத்தைத் தேர்ந்தெடுத்தது விழாக் கமிட்டி...

டுவேன்: கமிட்டின்னா யாரு? அன்னிக்கு என்கூட ஆடின கர்ட்தானே!

ஆர்வில்: கர்ட்தான்.

டுவேன்: கோட்டெல்லாம் போட்டு மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கீங்க. உங்க சந்தோஷத்தைக் கெடுக்கணும்னு இல்ல, பெரியவரே. இந்த சஸ்காட்செவன் குளிர்ல விரல் மரத்து நின்னு நாப்பது வருஷம் ஊர் விளையாட்டையெல்லாம் படம் பிடிச்சீங்க. கடைசியில பத்திரிகைக்காரன் என்ன குடுத்தான்?

ஆர்வில்: ஒரு கேக்கு. அதுலயும் என் பேரு தப்பு.

டுவேன்: சிரிக்காதீங்க...

ஆர்வில்: சிரிக்கல.

டுவேன்: உங்களுக்கு மரியாதை செய்யட்டும், வேண்டாங்கல. நம்ம ஊர்ப் பொண்ணுங்க டீம் கோப்பை ஜெயிச்ச படம் இருக்கே, அத மாட்டச் சொல்லுங்க. நான் கவுந்து கிடந்து அழுறது எதுக்கு?

ஆர்வில்: அன்னிக்கு என்ன சொல்லி அழுதே?

டுவேன்: நான் கோல் காத்துட்டு நின்னேன், வட்டு கர்ட்டோட ஸ்கேட்ல பட்டுத் திரும்பி கோலுக்குள்ள போச்சுன்னேன். எவன் நம்பினான்? ‘சொந்தக் கூட்டாளி மேலயே பழி போடுறான் பாரு இந்தக் கோலி’ன்னாங்க. அடுத்த வருஷம் டீம்லயே சேக்கல. ‘படுத்த டுவேன்’னு பட்டப்பேரு வேற.

ஆர்வில்: நீ சொன்னது நிஜம்.

டுவேன்: நம்பினீங்களா? ஒரு வார்த்தை சொல்லலியே!

ஆர்வில்: நம்பல... பார்த்தேன். சுருள்ல அடுத்தடுத்து ரெண்டு படம். ஒண்ணுல வட்டு அவன் ஸ்கேட்ல உரசுது. அடுத்ததுல நீ கிடக்கே.

டுவேன்: உங்க பத்திரிகை முதலாளிதானே நான் கிடக்கிற படத்தைத் தேர்ந்தெடுத்தாரு? கர்ட்டோட அப்பா. நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க!

ஆர்வில்: சொன்னேன்... எங்க ஆபீஸ் வழக்கம் தெரியும்ல? சுருள் முழுக்கச் சின்னச் சின்னதா ஒரே தாள்ல அச்சடிப்போம். பத்திரிகையில வரவேண்டிய படத்தைச் சுத்தி முதலாளி சிவப்புப் பென்சில்ல வட்டம் போடுவாரு.

டுவேன்: சரி?

ஆர்வில்: அன்னிக்கு மகனைத் தேத்த அவரு வீட்டுக்குப் போயிட்டாரு. ‘நீயே போட்டுரு’ன்னு பென்சிலை என் கையில குடுத்துட்டு.

டுவேன்: ஆர்வில்...

ஆர்வில்: முதலாளி மகனை மாட்டிவிட பயம். அதோட... உன் அழுகை நல்லா வந்திருந்துச்சு. பரிசு வாங்கும்னு தெரியும். வாங்குச்சு. வாராவாரம் சர்ச்சுல முட்டி போட்டேன். இத மட்டும் கடவுள்கிட்டகூடச் சொல்லல. திட்டுடா.

டுவேன்: அப்ப எனக்குப் பதினேழு வயசு, ஆர்வில்.

ஆர்வில்: தெரியும்... இந்தா. இந்தக் கவர்ல அந்த முதல் படம் இருக்கு. என்ன வேணா பண்ணு. வாசல்லயே ஒட்டு.

டுவேன்: கர்ட்டோட பேத்தி இப்ப சின்னப் பிள்ளைங்க டீம்ல கோலி. ஒன்பது வயசு. அவளும் அந்த வாசல்லதான் நுழையணும். உள்ள வைங்க.

ஆர்வில்: டுவேன்...

டுவேன்: வைங்கன்னேன்ல! உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க.

ஆர்வில்: நினைக்கல.

டுவேன்: ரெண்டு மணிக்கு விழா. மணி ரெண்டரை ஆச்சு. சர்ச்சுக்குக்கூடப் போகாம நூத்தம்பது நாற்காலி போட்டேன். ஒரு ஈ காக்கா வரலயே?

ஆர்வில்: சர்ச்சுக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்.

டுவேன்: என்ன தெரிஞ்சிருக்கும்?

ஆர்வில்: நேத்தே கர்ட்டைப் பார்த்து, வேற படம் மாட்டச் சொன்னேன். ‘அந்தப் படம் இல்லாம விழா இல்ல’ன்னான். அப்ப எனக்கு விழாவும் வேண்டாம், படத்தை மாட்ட அனுமதியும் கிடையாதுன்னுட்டேன். காலையில பாதிரியார் அறிவிச்சாரு, ஆர்வில் வேண்டாம்னுட்டாரு, விழா கிடையாதுன்னு. ஏன்னு எல்லாரும் கேட்டாங்க... நான் வாயே தொறக்கல. நன்றி கெட்ட கிழவன்னு பேசிக்கிட்டே போனாங்க. பேசட்டும்ப்பா.