விருந்தாளி போல் உட்கார்ந்த வீட்டுக்காரர்

விழாவுக்குத் தலைமை தாங்கும் பேருந்து ஓட்டுநர் அண்ணன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! குடியேற்றத் துறையின் பதிலுக்குக் காத்துக் காத்துக் கண் பூத்துப்போன சொந்தங்களே! மூன்றாம் வரிசையில் இப்போதே தலையைக் குனிந்துகொண்ட என் வீட்டுக்காரரே! அனைவருக்கும் வணக்கம்.

‘குடியேற்றக் கட்டுப்பாடும் குடியமர்வும்’ என்று தலைப்புத் தந்தார்கள். வந்தோர் எத்தனை, வாழ்வோர் எத்தனை என்று புள்ளிவிவரத்தைப் புட்டுப்புட்டு வைக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது விடுதி அறை. விருந்தினர் போனதும் நுழைவேன்; தலையணையில் முடி இராது, தரையில் தூசி இராது, ஆள் இருந்த அடையாளமே இராது. அப்படித் துடைப்பதுதான் என் தொழில்.

என் கணவர் இங்கே தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தேன். நாங்கள் உண்மையில் சேர்ந்துதான் வாழ்கிறோமா என்று பார்க்க ஓர் அதிகாரி அம்மா எங்கள் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். நம்பாவிட்டால் இவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் நாம் என்ன செய்வோம்? துடைத்தேன், தேய்த்தேன், துலக்கினேன். தொழில் புத்தி விடுமா? இவருடைய சட்டை, செருப்பு, சவரக் கத்தி சகலமும் அலமாரிக்குள் போயின. விரிப்புக் கசங்குமென்று இவரையும் நாற்காலி நுனியில் உட்கார வைத்தேன்.

சிரிக்காதீங்கம்மா. வந்த அதிகாரி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இவர் இங்கதான் இருக்காரா? இவரோட சாமான் ஒண்ணுகூடக் காணோமே?” என்றார் அதிகாரி.

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். மடமடவென்று எல்லாம் சரிந்தது. கூடவே, கடைசி நேரத்தில் இவர் திணித்த ஈரத் துண்டு!

“ஏங்க, ஈரத் துண்டை யாராவது அலமாரிக்குள்ள வைப்பாங்களா?”

“நீதானே எல்லாத்தையும் உள்ள தள்ளச் சொன்னே?”

அதுவரை இவரை நான் ஒரு சொல் சொன்னவளில்லை. பாசமா? பயம்! நாளையே அனுப்பிவிட்டால் என் வசவோடு போவாரே என்ற பயம். அடக்கி வைத்த அத்தனையும் அன்று அவிழ்ந்தது. இவரும் விடவில்லை. அதிகாரி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“போதும்மா, எனக்குப் புரிஞ்சிடுச்சு. பாவம், அவரை விட்டுடுங்க.”

அனுமதி வந்துவிட்டது.

நாடென்றால் காவல் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. கேட்கட்டும், சோதிக்கட்டும். ஆனால் குடியமர்வு என்பது எது? கடவுச்சீட்டில் குத்திய முத்திரையா? கதவில் மாட்டிய பெயர்ப்பலகையா? கட்டிய கணவனைக் காலையில் திட்டிவிட்டு, மாலையில் வீட்டில்தான் இருப்பார் என்று நம்பி வேலைக்குப் போகிறேனே, அதுதான் குடியமர்வு!

இன்னும் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பதிகளே, பயந்து பயந்து ஒருவரையொருவர் கொஞ்சிக்கொண்டிருப்பவர்களே, நீங்களும் வெகுசீக்கிரம் நிம்மதியாகச் சண்டை போட வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட மூன்றாம் வரிசைக்கும் நன்றி, வணக்கம்.