மண்டபத்தைப் பார்த்தோம், குளத்தைப் பார்க்கவில்லை

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் மகேஸ்வரன் அவர்களே! கோப்புகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் குளக்கரைக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அதிகாரிகளே! கடலோர மண்ணில் பிறந்து வானிலையைக் கற்றுத் தேர்ந்த ஆய்வாளர் ஜாய்சி அவர்களே! முன்வரிசையில் வெற்றிலைச் சிவப்போடு வீற்றிருக்கும் பெரியவர்களே! பிள்ளையை மடியிலும் பெருந்துயரை நெஞ்சிலும் சுமந்திருக்கும் தாய்மார்களே! தாமிரபரணித் தண்ணீர் குடித்த தைரியத்தில் நிற்கும் இந்தத் திருஞானசம்பந்தத்தின் வணக்கம்.

வாழ்த்த வந்தேனா? இல்லை, வருந்த வந்தேன்.

மழை பிடித்தால் நம் ஊரார் என்ன செய்வோம்? குடையை விரித்துக்கொண்டு பாலத்துக்குப் போவோம். ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபத்தைப் பார்ப்போம். மண்டபம் முங்கினால் மூட்டை கட்டுவோம். முங்காவிட்டால் சூடாக ஒரு காபி குடித்துவிட்டு வீடு திரும்புவோம். மலையில் பெய்த மழை ஆற்றில் வந்த காலத்தில் அந்தக் கணக்குப் பொய்க்கவில்லை, ஐயா!

ஆனால் கடல் சூடேறுகிறது; கருத்த மேகம் மலைவரை போகாமல் நம் தலைமேலேயே கொட்டக்கூடும் என்று ஜாய்சி அவர்கள் சொன்னார்கள். போன புரட்டாசியில், இதே மேடையில், படம் போட்டுக் காட்டினார்கள். ஆறு அல்ல, ஊருக்குப் பின்னால் இருக்கும் குளம் உடையும் என்றார்கள். நாம் என்ன செய்தோம்? பொன்னாடை போர்த்தினோம். போட்டோ எடுத்தோம். அறிக்கையை வாங்கிய அலுவலகம் அலமாரியில் வைத்துப் பூட்டியது. அவர்கள் மில்லிமீட்டரில் பேசினார்கள், நமக்கு மண்டபம்தான் தெரியும். இரண்டையும் இணைத்துச் சொல்ல இந்த ஊரில் ஒரு நாக்கு இல்லாமல் போயிற்றே!

என்ன அண்ணாச்சி, பின்னாலிருந்து? "அவிய பாதி இங்கிலீசுல பேசுனாவ, நமக்கு என்ன வெளங்குச்சு?" என்கிறீர்களா? சரிதான். "பைய, தமிழ்ல சொல்லுங்கம்மா" என்று ஒருவராவது கேட்டோமா? அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

மார்கழியில் கொட்டியது. மண்டபம் முங்குகிறதா என்று பார்க்கப் பாலத்தில் திருவிழாக் கூட்டம். அருணாசலம் அண்ணாச்சியும் அங்கே நின்றார். வீட்டிலிருந்து அவர் மனைவி கோமு போன் செய்தார்.

"வாசல்ல தண்ணி ஏறுது. பிள்ளைகள மேட்டுத் தெருவுல அக்கா வீட்டுல விட்டுட்டேன். நானும் கெளம்பட்டா?"

"மண்டபம் இன்னும் முங்கல. பயப்படாதட்டி, கதவச் சாத்திட்டு உள்ளயே இரு."

ஆற்றையே பார்த்து நின்ற ஊருக்கு முதுகுப்புறமாக வந்தது குளத்துத் தண்ணீர். மண்டபம் கடைசிவரை முங்கவில்லை. அந்தத் தண்ணீரோடு கோமு போய்விட்டார்.

அதோ, அருணாசலம் அண்ணாச்சி எழுந்து நிற்கிறார். "நாந்தாம்வே உள்ள இருக்கச் சொன்னேன்!" என்கிறார்.

உட்காருங்கள் அண்ணாச்சி. அழாதீர்கள். நீங்கள் சொன்னது ஊரே நம்பிய சொல். உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதிகாரிகளே! கோமுவின் பிள்ளைகள் இன்றும் தண்ணீர் புகுந்த அதே தெருவில்தான் தூங்குகிறார்கள். ஐப்பசி வரப்போகிறது. எப்போது உயரும் குளத்தின் கரை? எப்போது விழும் மதகில் ஒரு சிவப்புக் கோடு? எந்த மட்டத்தில் ஆபத்து என்று ஜாய்சி கணித்துச் சொல்லட்டும், நீங்கள் ஆணையிடுங்கள், நாங்கள் காவல் நிற்கிறோம். அந்தச் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்ட கணமே கோயில் மைக்கும், மாதா கோயில் மைக்கும், பள்ளிவாசல் மைக்கும் ஒருசேர அலறட்டும்!

அன்றைக்கு முதலில் மைக்கைப் பிடிக்க வேண்டியவர் யார் தெரியுமா? அருணாசலம் அண்ணாச்சி, நீங்கள்தான். "எல்லாரும் வெளிய வாங்க" என்று நீங்கள் சொன்னால், இந்த ஊரில் ஒருவரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. கோமு இருந்த தெருவுக்கு என் வணக்கம்.