அவர் பாராட்டிய பண்டங்கள்

தேனியைச் சுற்றி நல்ல ஹோட்டல்களுக்குக் குறைவில்லை, டாக்டரம்மா. நீங்கள் ஊருக்குப் புதிது. எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் எந்த ஊரில், எந்தக் கடையில், எது நன்றாக இருக்கும் என்று வழியோடு சொல்வார். இப்போதெல்லாம் வழி சொல்வதோடு சரி.

அவருக்கு மாத்திரையைக் கூட்டப்போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் தனியாகப் பேச வந்தேன். வேண்டாத மருந்து அவர் உடம்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டிய மனைவி இல்லையா.

அவர் காய்கறி மண்டி வைத்திருப்பவர். மண்டி சுருளிராஜன் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு, ஞாயிறானால் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவதொரு ஊருக்குச் சாப்பிடப் போவார். நல்ல மனிதர். எந்தக் கடையிலும் குறை சொல்ல மாட்டார். பாராட்டுவார். அதில்தான் சங்கடம்.

சின்னமனூரில் ஒரு நாள் நிலக்கடலைச் சட்னியை இலையோடு வழித்து நக்கிவிட்டு, சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாஸ்டரே, இங்கன வாங்க. இந்தச் சட்னிய எப்படி அரைச்சீகன்னு நம்ம வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. முப்பது வருசமா அரைக்கிறா, இன்னும் கை வரல."

மாஸ்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கடலைய வறுக்கயில கைய எடுக்காமக் கிண்டணும்மா" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு இன்னொரு மாஸ்டர். அதற்கடுத்த ஞாயிறு வேறொருவர். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நான் பாடம் கேட்காத அடுப்பு இல்லை.

நான் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி. அங்கே வேலியெல்லாம் பூனைக்காலி படர்ந்து கிடக்கும். அதன் காயில் பூனை மயிர் மாதிரி ஒரு சுணை. மேலே பட்டால் சொறிந்து மாளாது. மற்றபடி உயிருக்கு ஒன்றும் செய்யாது. மறுபடி சின்னமனூர் போய், மறுபடி அதே சட்னியை அவர் பாராட்டினார். கை கழுவிவிட்டு வந்தவருக்கு எப்போதும்போல் நான்தான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். கழுத்தைத் துடைக்கிற முனையில் மட்டும் அந்தச் சுணையைக் கொஞ்சம் தடவியிருந்தேன். கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருந்தது.

"என்னமோ அரிக்குது நாகு. கடலை ஒத்துக்கலையோ?"

"தெரியலீங்க."

ஒன்றைக் கவனியுங்கள், டாக்டரம்மா. நான் எந்தப் பண்டத்தின் மேலும் பழி போட்டதில்லை. எல்லாம் அவராகவே கண்டுபிடித்தது. போடியில் குருமாவைப் பாராட்டினார், அதிலிருந்த முந்திரி ஆகாமல் போயிற்று. உத்தமபாளையத்தில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காயைப் பாராட்டினார். "கத்தரிக்கா கரப்பான் பண்டம்னு எங்க ஆத்தா அப்பவே சொன்னாக" என்று தீர்ப்பும் அவரே சொன்னார். லாரி லாரியாகக் கத்தரிக்காய் விற்ற மனிதர், மண்டியில் அந்த மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பாராட்டாமல் சாப்பிட்ட நாட்களில் அவருக்கு ஒன்றுமே செய்ததில்லை. அதையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு போகிற கடையிலெல்லாம் விசாரணைதான். கம்பத்துப் பரோட்டாக் கடையில் பரிமாறுகிற குருசாமி சால்னா வாளியோடு நெருங்கினாலே, இவர் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார்.

"ஏப்பா, சால்னாவுல முந்திரி அரைச்சு ஊத்தியிருக்கா?"

"முந்திரியா? எங்க மொதலாளி அத மோந்து பாக்கக்கூட விடமாட்டாக ஐயா. எல்லாம் பொரிகடலைதான்."

"பொரிகடலை எனக்கு ஆகுமா நாகு?"

"இன்னும் தெரியலீங்க."

"அப்ப என்னதான் ஐயா சாப்பிடுவீக?"

"வெந்நி இருந்தாக் குடு."

"இருக்கு ஐயா. அதுல நாங்க ஒண்ணும் அரைச்சு ஊத்தல."

வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, நான் பரோட்டாவைப் பிய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "சுமார்தான்" என்றேன். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

இடுப்பில் வேட்டி நிற்காமல் போன பிறகு ஹோட்டலையே விட்டுவிட்டார். வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றானது. நான் வேண்டியதும் அவ்வளவுதான், அதை மறைக்கவில்லை. ஒரு நாள் என் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சியவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா?

"நாகு, இதுல்ல ரசம்" என்றார். "எந்த மாஸ்டர் சொல்லிக் குடுத்தாக?"

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"உன் சமையலும் எனக்கு ஆகாமப் போச்சே" என்று அழாக்குறையாகச் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. போதும், இனி இது வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பாராட்டுக்கு ஏங்குகிற வயதா எனக்கு? ஒரு பாடம் சொல்லிக் கொடுக்க நினைத்தேன், சொல்லிக் கொடுத்தேன், முடிந்தது. மனதில் துளிக் கோபம் கிடையாது. அவருக்கு நீங்கள் மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம், தானாகச் சரியாகிவிடும்.

இன்று காலை தன் கையாலேயே கஞ்சி வைத்தார். வெறும் அரிசி, உப்பு. அதுவும் அடிப்பிடித்த கஞ்சி. ஒரு டம்ளர் குடித்துவிட்டு அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்.

"ஆகா, என்னா ருசி. நாகு, இங்கன வா, இத எப்படி வச்சேன்னு சொல்லித் தாரேன்."

வெளியே உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கிறாரே, டாக்டரம்மா, அது அந்தக் கஞ்சிக்கு.